பழைய ஜீப்புக்குப் புதிய புகைக்குழாய்

எஞ்சினின் பக்கவாட்டில் திருகியிருக்கும் வார்ப்பிரும்பு மேனிஃபோல்டில் தொடங்கி, முன்குழாய், சைலன்சர், டெயில் பைப் என்று வண்டியின் அடியில் ஓடிப் பின்புறம் முடிகிறது ஜீப்பின் புகைக்குழாய்த் தொடர். எரிந்த வாயுவை வெளியேற்றுவது, அதன் சத்தத்தை அடக்குவது, வண்டியில் இருப்பவர்களின் மூக்கில் ஏறாத இடத்தில் அதைக் கொண்டுபோய் விடுவது ஆகிய மூன்று வேலைகளும் எல்லா மோட்டார் வாகனங்களிலும் அதற்கு உண்டு. கரடுமுரடான பாதையில் ஓடும் வண்டியில் நான்காவதாக ஒன்று சேர்கிறது. பாறையில் இடிபட்டாலும், ஆற்றுநீரில் முங்கினாலும், மேடுபள்ளத்தில் சேஸிஸ் முறுக்கினாலும் அது உடையாமல் இருக்க வேண்டும். பழைய வண்டிக்குப் புதுக் குழாய் தேடுபவர்களில் பெரும்பாலானோர் சத்தத்தையும் சக்தியையும் முதலில் பார்க்கிறார்கள். ஆனால் முதலில் தீர்மானிக்க வேண்டியது குழாய் போகும் பாதை. அதைத் தொங்கவிடும் முறையும் அதன் உலோகமும் அடுத்து வரும். விட்டத்துக்குக் கடைசி இடம்தான். அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் அந்த விட்டமே என்பதால் விளக்கத்தை அங்கிருந்து தொடங்கலாம்.

இந்தியாவில் பழைய ஜீப் என்றால் அது வில்லிஸ் வழிவந்த மஹிந்திரா. 1941-இல் அமெரிக்க ராணுவத்துக்காக உற்பத்தியான வில்லிஸ் எம்பி-யில் 2.2 லிட்டர் பெட்ரோல் எஞ்சின் இருந்தது. அதன் திறன் 60 குதிரைத்திறன். அதே குடும்பத்தின் சிஜே-3பி, மஹிந்திரா ஆலையில் ‘ஹரிகேன்’ பெட்ரோல் எஞ்சினுடன் பல ஆண்டுகள் தயாரானது. பிறகு டீசல் வந்தது. பிஜோ உரிமத்தில் செய்த எக்ஸ்டிபி 4.90 என்ற 2,112 சிசி எஞ்சினும், டிராக்டர் வழிவந்த 2,523 சிசி நேரடி உட்செலுத்து எஞ்சினும்தான் இன்றும் ஓடிக்கொண்டிருக்கும் பழைய ஜீப்புகளில் அதிகம். போடியிலிருந்து இடுக்கியின் ஏலத்தோட்டங்களுக்குத் தொழிலாளர்களை ஏற்றிப் போகும் வண்டிகளிலும் இந்த வம்சத்தைப் பார்க்கலாம். இந்த எஞ்சின்கள் எதிலும் டர்போ கிடையாது. எதுவும் வேகமாகச் சுழல்வதற்காக வடிவமைத்ததும் அல்ல. மலையேற்றத்தில் இவை பெரும்பாலும் நிமிடத்துக்கு 1,500 முதல் 2,500 சுற்றுகளுக்குள்தான் வேலை செய்கின்றன. புகைக்குழாய் பற்றிய எந்த முடிவும் இந்த உண்மையை ஒட்டியே அமைய வேண்டும்.

எக்ஸ்டிபி எஞ்சின் நிமிடத்துக்கு 4,000 முறை சுழல்கிறது என்று கொள்வோம். நான்கு வீச்சு எஞ்சின் என்பதால் இரண்டு சுற்றுக்கு ஒரு முறைதான் நான்கு சிலிண்டர்களும் காற்றை முழுமையாக மாற்றுகின்றன. சிலிண்டர் முழுதாக நிரம்புவதில்லை என்ற கழிவையும் சேர்த்தால் எஞ்சின் உறிஞ்சுவது நொடிக்குச் சுமார் 60 லிட்டர் காற்று. அதுவே எரிந்து 450 டிகிரி செல்சியஸ் சூட்டில் வெளியே வரும்போது விரிந்து ஏறக்குறைய 145 லிட்டராகிறது. வெளிவிட்டம் 1¾ அங்குலமுள்ள குழாயில் இந்த வாயு நொடிக்குச் சுமார் 108 மீட்டர் வேகத்தில் பாயும். 2 அங்குலக் குழாயில் 81 மீட்டர். 2½ அங்குலக் குழாயில் 51 மீட்டர்.

வேகம் குறைவதை விட உராய்வு குறைவது இன்னும் கூர்மையானது. ஒரே அளவு வாயு பாயும்போது, குழாயின் உராய்வால் இழக்கும் அழுத்தம் உள்விட்டத்தின் ஐந்தாம் படிக்கு எதிர்விகிதத்தில் மாறுகிறது. 1¾ அங்குலத்திலிருந்து 2 அங்குலத்துக்கு, அதாவது விட்டத்தில் கால் அங்குலம் மட்டும் கூடினாலே இழப்பு பாதியாகிவிடும். பெரிய குழாயின் மீதுள்ள மோகத்துக்கு இதுதான் அடிப்படை, கணக்கும் சரிதான். ஆனால் எதில் பாதி என்று கேட்க வேண்டும். 3 மீட்டர் நீளமுள்ள 1¾ அங்குலக் குழாயில் அந்த இழப்பு 5 கிலோபாஸ்கல் அளவில்தான் இருக்கிறது. வளைவுகளுக்காக அதை இருமடங்காகக் கொண்டாலும், 2 அங்குலத்துக்கு மாறுவதால் மிச்சமாவது 5 கிலோபாஸ்கல். முழுச் சக்தியில் பிஸ்டன் மீது கிடைக்கும் சராசரிப் பயன் அழுத்தமோ 570 கிலோபாஸ்கல் அளவு. ஆகவே லாபம் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. 60 குதிரையில் அரைக் குதிரை. அதுவும் 4,000 சுற்றில் மட்டும். 2,000 சுற்றில் வாயுவின் அளவு பாதியாகிறது, அழுத்த இழப்பு வேகத்தின் இருமடியை ஒட்டி நாலில் ஒன்றாகச் சுருங்குகிறது. கொண்டை ஊசி வளைவில் திணறும் ஜீப்பை எந்தப் பெரிய குழாயும் இழுத்து ஏற்றாது.

எனவே இந்த எஞ்சின்களுக்கு ஆலையில் போட்ட அளவு, அல்லது அதைவிட ஒரு படி பெரியது போதும். 2½ அங்குலத்துக்குப் போனால் கணக்கில் வரும் லாபம் எதுவும் இல்லை. எடை கூடும், தரைக்கும் குழாய்க்கும் இடையிலான தூரம் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் குறையும், சத்தத்தை அடக்குவதும் கடினமாகும். பின்னாளில் டர்போ பொருத்தப்பட்ட வண்டி மட்டும் விதிவிலக்கு. டர்பைனுக்குப் பிறகு எவ்வளவு தாராளமான குழாய் இருக்கிறதோ அவ்வளவு நல்லது.

இதற்கு நேர் எதிரான நம்பிக்கை ஒன்றும் பட்டறைகளில் உண்டு: எஞ்சினுக்குக் கொஞ்சம் பின்னழுத்தம் இருந்தால்தான் இழுவை வரும் என்பது. எந்த எஞ்சினுக்கும் பின்னழுத்தம் தேவையில்லை. அடைப்பில்லாத குழாய் போட்ட பிறகு கார்புரேட்டர் வண்டி மந்தமாவது உண்மையாக நடப்பதுதான்; அதற்குக் காரணம் வேறு. சிலிண்டரில் மிஞ்சும் எரிந்த வாயு குறைந்து புதுக் காற்று கூடுகிறது, பெட்ரோல் அதற்கேற்பக் கூடவில்லை. கலவை மெலிந்துவிடுகிறது. கார்புரேட்டரின் ஜெட்டை மாற்றி, இக்னிஷன் நேரத்தைச் சரிபார்த்தால் மந்தம் போய்விடும்.

மேனிஃபோல்டை எடுத்துவிட்டுத் தனித்தனிக் குழாய்கள் கொண்ட ஹெடர் போடலாமா என்பது அடுத்த கேள்வி. எக்ஸாஸ்ட் வால்வு திறந்ததும் பாயும் வாயு ஓர் அழுத்த அலையைக் கிளப்புகிறது. சூடான வாயுவில் அது நொடிக்குச் சுமார் 550 மீட்டர் வேகத்தில் ஓடி, குழாய்கள் சேரும் இடத்தில் எதிர்மறை அலையாகத் திரும்புகிறது. இரண்டு வால்வுகளும் சேர்ந்து திறந்திருக்கும் சிறு இடைவேளையில் அது சிலிண்டரை எட்டினால், மிச்சமிருக்கும் புகையை உறிஞ்சி இழுக்கும். பந்தயக் கார்களில் 6,000, 7,000 சுற்றுகளில் இது நன்றாகப் பலிக்கிறது. 2,000 சுற்றில் பலிக்க ஒவ்வொரு சிலிண்டருக்கும் இரண்டரை மீட்டருக்கு மேல் தனிக்குழாய் வேண்டும். சிஜே-3பி-யின் முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையிலான தூரமே 80 அங்குலம், அதாவது இரண்டு மீட்டர்தான். குட்டையான ஹெடரால் வருவது ஓசையும் பானெட்டுக்குள் சூடும் மட்டுமே.

வில்லிஸ் எம்பி போன்ற பழைய பெட்ரோல் எஞ்சின்களில் மேனிஃபோல்டை மாற்றாமலிருக்க இன்னொரு வலுவான காரணம் உண்டு. அவற்றில் இன்டேக் மேனிஃபோல்டும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டும் ஒன்றோடொன்று திருகப்பட்டிருக்கும். புகையின் சூடு மேலே வரும் பெட்ரோல் துளிகளை ஆவியாக்கும். ஹெடர் போட்டால் அந்தச் சூடு இல்லாமல் போகும். குளிர்ந்த மலைக்காலையில் எஞ்சின் இருமும், ஆக்சிலரேட்டரை மிதித்ததும் ஒரு கணம் வெறுமையாக நிற்கும். விரிசல் விடாத வார்ப்பிரும்பு மேனிஃபோல்டு கையில் இருந்தால் அதை மாற்றக் கூடாது. லேத்தில் கொடுத்து அதன் முகத்தைச் சமன் செய்து, புதுக் கேஸ்கெட்டும் பித்தளை நட்டுகளும் போடுவதே சிறந்த செலவு. பித்தளை நட்டு, இரும்பு நட்டைப் போலத் துருவோடு ஒட்டிப்போய் ஸ்டட்டை முறிக்காது.

சைலன்சரின் உள்ளே இரண்டு விதமான வேலைகள் நடக்கலாம். அறைகள் கொண்ட வகையில் வாயு ஓர் அறையிலிருந்து இன்னொன்றுக்கு வளைந்து திரும்பிப் போகிறது. ஒலி அலைகள் சுவர்களில் மோதித் திரும்பி ஒன்றையொன்று அழிக்கின்றன. நேர்க்குழாய் வகையில் நடுவே துளையிட்ட குழாயும் அதைச் சுற்றிக் கண்ணாடி இழையோ பாறை இழையோ அடைத்த உறையும் இருக்கும். ஒலி அந்த இழைகளுக்குள் நுழைந்து சூடாகக் கரைகிறது. நேர்க்குழாயில் தடை குறைவு. ஆனால் அது உயர் ஓசையை நன்றாகவும் தாழ்ந்த ஓசையை மோசமாகவும் அடக்கும். ஜீப்பின் ஓசை தாழ்ந்தது. நான்கு சிலிண்டர் எஞ்சினில் ஒரு சுற்றுக்கு இரண்டு வெடிப்பு. 3,000 சுற்றில் நொடிக்கு 100 அதிர்வு, ஐடிலில் 25. இந்த எல்லையில் அறை வகைக்கு இணையில்லை. டீசலின் கரி இழைகளை அடைத்துவிடும். ஆற்றில் இறங்கினால் இழை தண்ணீரைக் குடித்து வைத்துக்கொள்ளும். காட்டுப்பாதை டீசல் ஜீப்புக்கு அறை வகைச் சைலன்சர்தான் பொருத்தம். இதில் தயக்கத்துக்கு இடமில்லை.

குறிப்பிட்ட ஒரு வேகத்தில் மட்டும் வண்டிக்குள் ‘ங்ஙொம்’ என்று காதை அடைக்கும் ரீங்காரம் வந்தால், பெரும்பாலும் டெயில் பைப்பின் நீளம்தான் காரணம். இருபுறமும் திறந்த குழாய்க்கு ஓர் இயல்பு அதிர்வெண் உண்டு. இரண்டரை மீட்டர் டெயில் பைப் என்றால் அது 95 அதிர்வு அளவில், அதாவது 2,850 சுற்றை ஒட்டி முழங்கும். சைலன்சரைப் பின்னுக்குத் தள்ளி டெயில் பைப்பைக் குட்டையாக்கினால், வண்டி அதிகம் ஓடாத சுற்றுக்கு அந்த முழக்கம் நகர்ந்துவிடும். சைலன்சரையே மாற்ற வேண்டியதில்லை.

இனிப் பாதை. சேஸிஸின் இரு நீளச் சட்டங்களுக்கும் நடுவே, அவற்றின் அடிவிளிம்புக்கு மேலேயே குழாய் ஓட வேண்டும். குறுக்குச் சட்டத்துக்குக் கீழே இறக்கி ஓட்டுவது வெல்டருக்கு எளிது. முதல் பாறையே அதை நசுக்கிவிடும். நசுங்கிய குழாயின் குறுகிய வாயில், மேலே சொன்ன ஐந்தாம் படிக் கணக்கு முழு வேகத்துடன் எதிர்த்திசையில் வேலை செய்யும். வண்டி நின்ற நிலையில் மட்டும் இடைவெளி பார்த்தால் போதாது. சேஸிஸை ஜாக்கியில் தூக்கி அச்சுகளைத் தொங்கவிட்டும், ஒரு பின்சக்கரத்தை மேட்டில் ஏற்றி லீஃப் ஸ்பிரிங்கை முழுதாக அமுக்கியும் பார்க்க வேண்டும். புரொப்பெல்லர் ஷாஃப்ட், ஷாக் அப்சார்பர், பிரேக் குழாய் எதுவும் இந்த இரண்டு நிலைகளிலும் புகைக்குழாயைத் தொடக் கூடாது. பிரேக் குழாய்க்கு அருகே போகத்தான் வேண்டும் என்றால், இரண்டுக்கும் நடுவே காற்று இடைவெளி விட்டு மெல்லிய அலுமினியத் தகடு ஒன்று கட்டாயம். குழாயின் மேல் துணிபோலச் சுற்றும் சூட்டுநாடா சேற்றுப்பாதை வண்டிக்கு உதவாது. ஈரத்தைப் பிடித்து வைத்து வெளியிலிருந்தே குழாயைத் துருப்பிடிக்கச் செய்யும்.

வளைவுகளைச் செய்யும் விதமும் முக்கியம். அழுத்தி வளைக்கும் எந்திரத்தில் குழாய் வளைவில் தட்டையாகிறது. உள்ளே உருளை செருகி வளைக்கும் மாண்ட்ரல் முறையில் உள்விட்டம் மாறாது. அந்த எந்திரம் இல்லாத ஊர்களில் பழைய பட்டறைக்காரர்கள் நுண்மணலைக் குழாயில் இறுக அடைத்து, இருமுனையையும் மரக்கட்டையால் மூடி, வளைவிடத்தைச் செந்நிறமாகச் சூடேற்றி மெல்ல வளைப்பார்கள். மணல் சுவரை உள்ளிருந்து தாங்குவதால் தட்டையாவது மிகக் குறைவு. மணலை முதலில் சட்டியில் வறுத்து ஈரம் நீக்கிவிட வேண்டும். ஈரமணலில் பிறக்கும் நீராவி அடைத்த கட்டையைத் துப்பாக்கிக் குண்டாகத் தெறிக்க வைக்கும்.

அடுத்தது தாங்கும் முறை. எஞ்சின் ரப்பர் மவுன்டிங்கில் ஆடுகிறது, சேஸிஸ் தனியாக முறுக்குகிறது, குழாயோ சூட்டில் நீளுகிறது. 3 மீட்டர் இரும்புக் குழாய் 400 டிகிரி சூடேறினால் 14 மில்லிமீட்டர் நீளும். 304 வகை ஸ்டெயின்லெஸ் என்றால் 20 மில்லிமீட்டர். இரண்டு முனையையும் இறுக்கிப் பிடித்தால் இத்தனை அசைவும் மேனிஃபோல்டு ஃபிளேன்ஜில் போய் முட்டும். ஸ்டட் முறிவதும் வார்ப்பிரும்பின் காது உடைவதும் அங்கேதான். முதல் பிடியைக் கியர்பாக்ஸிலேயே போட வேண்டும், அது எஞ்சினோடு சேர்ந்து ஆடும். அதற்குப் பின் சுருள்மடிப்புள்ள நெகிழ்குழாய் ஒரு துண்டு. அதற்கும் பின்னால் வரும் எல்லாப் பிடிகளும் ரப்பரில் தொங்க வேண்டும். சைலன்சரை நேராகச் சேஸிஸில் வெல்டு வைப்பது உறுதியாகத் தோன்றினாலும் அதுதான் முதலில் விரிசல் விடும்.

உலோகத்தின் ஆயுளைப் பெரும்பாலும் உள்ளிருந்து வரும் நீரே தீர்மானிக்கிறது. ஒரு லிட்டர் பெட்ரோலோ டீசலோ எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் பிறக்கிறது. குழாய் சூடாக இருக்கும்வரை அது ஆவியாகப் போய்விடும். பால் பண்ணைக்குப் போய்த் திரும்பும் இரண்டு கிலோமீட்டர் ஓட்டத்தில் சைலன்சர் சூடேறுவதே இல்லை. தண்ணீர் அதன் அடியில் தேங்கி, எரிபொருளின் கந்தகத்தோடு சேர்ந்து அமிலமாகிறது. 2020 ஏப்ரல் முதல் இந்திய டீசலில் கந்தகம் பத்து லட்சத்தில் 10 பங்காகக் குறைக்கப்பட்டதால் இந்த அரிப்பு பழைய நாட்களைவிடக் குறைவு. சாதாரண இரும்பு மலிவானது, எந்தப் பட்டறையிலும் வெல்டு வைக்கலாம். அலுமினியப் பூச்சுள்ள இரும்பு அதைவிடக் கூடுதல் காலம் உழைக்கும், வெல்டு வைத்த இடத்தில் மட்டும் பூச்சு எரிந்துபோவதால் துரு அங்கே தொடங்கும். 11 சதவீத அளவு குரோமியமுள்ள 409 ஸ்டெயின்லெஸ் வெளியே பழுப்பாகும், ஆனால் எளிதில் ஓட்டையாகாது. சூட்டில் நீள்வதும் குறைவு. பளபளக்கும் 304-ஐவிட இதுவே வேலை வண்டிக்கு ஏற்றது. எந்த உலோகமானாலும் சைலன்சரின் தாழ்ந்த மூலையில் 3 மில்லிமீட்டர் துளை ஒன்று போட்டால் தேங்கும் நீர் வடிந்துவிடும்.

ஆற்றைக் கடக்கும்போது டெயில் பைப் முங்குவதைக் கண்டு பலர் அஞ்சுகிறார்கள். அரை மீட்டர் நீரின் அழுத்தம் 5 கிலோபாஸ்கல்தான்; ஓடும் எஞ்சின் அதை எளிதாகத் தள்ளி வாயுவை வெளியேற்றும். நடு ஆற்றில் எஞ்சின் நின்றால்தான் நீர் உள்ளே ஏறும். எஞ்சினையே உடைப்பது இன்டேக் வழியாகப் போகும் நீர். அதனால் குழாயை உயரத்துக்குத் தூக்குவதற்கு முன் ஏர் ஃபில்டரின் உயரத்தைப் பார்க்க வேண்டும்.

டெயில் பைப் முடியும் இடம் உயிர்ப் பிரச்சினை. வண்டி ஓடும்போது அதன் பின்னால் காற்றழுத்தம் குறைந்து சுழல் உண்டாகிறது. பின்படுதாவைச் சுருட்டிக் கட்டிய ஜீப்பில் அந்தச் சுழல் புகையை உள்ளே இழுத்துவரும், பின்னிருக்கையில் நெருக்கி உட்கார்ந்திருப்பவர்கள் அதைச் சுவாசிப்பார்கள். கார்புரேட்டர் பெட்ரோல் எஞ்சினின் புகையில் கார்பன் மோனாக்சைடு அதிகம். அதற்கு மணமில்லை; ரத்தத்தின் ஹீமோகுளோபினோடு அது ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் வலுவாக ஒட்டிக்கொள்கிறது. தலைவலி, வாந்தி என்று தொடங்கும் இதை மலைப்பாதை மயக்கம் என்று நினைத்து விட்டுவிடுவார்கள். குழாய் பின்சக்கரத்தைத் தாண்டி, உடலின் விளிம்புக்கு வெளியே வந்து வலப்புறமோ பின்புறமோ முடிய வேண்டும். மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989 சொல்வதும் அதுதான். 112-ஆம் விதி புகையைக் கீழ்நோக்கியும் இடப்புறமும் விடக் கூடாது என்கிறது. இடப்புறம்தானே சாலையோரத்தில் ஆட்கள் நிற்பார்கள். கீழ்நோக்கிய வாய்க்குக் காட்டில் இன்னோர் ஆபத்தும் உண்டு. காய்ந்த புல்மேல் வண்டியை நிறுத்தினால் தீப்பிடிக்க அந்தச் சூடே போதும். எரிபொருள் குழாய்க்கும் புகைக்குழாய்க்கும் குறைந்தது 35 மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும் என்பது 113-ஆம் விதி. காட்டுப்பாதை வண்டிக்கு அதைப்போல் இருமடங்கு விடுவது நல்லது. கேட்டலிடிக் கன்வர்டரோடு ஆலையிலிருந்து வந்த பிற்கால பெட்ரோல் வண்டிகளில் அதைக் கழற்றிவிட்டு வெறுங்குழாய் போடுவது சட்டப்படியும் குற்றம், காற்றுக்கும் கேடு.

புகைச் சோதனையில் தவறிய டீசல் ஜீப்புக்குப் புதுச் சைலன்சர் மட்டும் தீர்வாகாது. புகையின் கருமையை ஹார்ட்ரிட்ஜ் அலகில் அளக்கிறார்கள்; பழைய டீசல் வண்டிகளுக்கான வரம்பு 65. கரும்புகைக்குக் காரணம் பெரும்பாலும் இன்ஜெக்டர், பம்ப் அல்லது ஏர் ஃபில்டர். சைலன்சருக்குள் தகடு கழன்று வழியை அடைத்திருந்தால் மட்டும் அதை மாற்றுவதால் புகை குறையும். சந்தேகம் இருந்தால் முன்குழாயில் சிறு துளையிட்டு அழுத்தமானி பொருத்திப் பார்க்கலாம். சுமையில்லாமல் 2,500 சுற்றில் சதுர அங்குலத்துக்கு 3 பவுண்டுக்கு மேல் காட்டினால் உள்ளே அடைப்பு இருக்கிறது. அளந்த பிறகு துளையை அடைத்துவிட வேண்டும்.

புதிதாகப் பொருத்திய தொடரில் கசிவு இருக்கிறதா என்று எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே பார்க்க வேண்டும். ஐடிலில் ஓடவிட்டு, கனத்த துணியால் டெயில் பைப்பின் வாயைச் சில நொடிகள் அழுத்தி மூடினால், சரியான தொடரில் எதிர்ப்பு உடனே கையில் தெரியும். கசியும் தொடரில் ஃபிளேன்ஜ் ஏதாவதொன்று சீறும். குளிர்ந்த எஞ்சினில் கேட்டு, சூடேறியதும் மறையும் ‘டிக் டிக்’ ஓசை மேனிஃபோல்டு கேஸ்கெட்டிலிருந்து வருவது. சில நாள் ஓட்டத்துக்குப் பின் இணைப்புகளில் கருங்கோடாகக் கரி படிந்திருந்தால் கசிவு அந்த இடத்தில்தான். முதல் சில நூறு கிலோமீட்டரில் கேஸ்கெட் அமுங்கி போல்ட்டுகள் தளரும். அப்போது எஞ்சின் முழுதாக ஆறிய பிறகு, மேனிஃபோல்டின் நடு நட்டில் தொடங்கி இருபுறமும் மாறி மாறி ஒருமுறை முடுக்கிவிட வேண்டும்.